ஜீப்பின் சிறு லீவர்களில் ஆட்டம்: காரணமும் பரிகாரமும்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் கற்பாதையில், பல வருஷங்களுக்கு முன் ஒரு பழைய ஜீப்பில் மலையிறங்கிக்கொண்டிருந்தபோது, ஓட்டுநர் தம் ஆசனத்தின் இரும்புச் சட்டத்துக்கும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குட்டை லீவர் ஒன்றுக்கும் இடையே பழைய சைக்கிள் டியூபின் துண்டை இழுத்துக் கட்டியிருப்பதைக் கண்டேன். ஏன் என்று கேட்டதற்கு, “லோ கியர் நிக்க மாட்டேங்குது சார், கட்டி வச்சாத்தான் நிக்குது” என்றார். அடுத்த திருப்பத்தில் டியூப் நழுவியது. லீவர் நடுநிலைக்குத் துள்ளியது. அதுவரை வண்டியைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று தனியாகி இரைய, வண்டி தன் பாரத்தாலேயே ஓடத் தொடங்கியது. அந்த மனிதர் நிதானம் இழக்காமல் கால் பிரேக்கை அமுக்கி, மலைப்பக்கத்து மண்சுவரில் டயரை உரசவிட்டு நிறுத்தினார். ஒருவருக்கும் காயமில்லை. அந்த ஜீப்புக்கு அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் லீவரின் ஸ்பிரிங்குகளை இரண்டு முறையும் அச்சாணியை ஒரு முறையும் மாற்றியிருந்தார்கள் என்பதும், உண்மையான குற்றம் இவை எதிலும் இல்லாமல் கியர் பெட்டியைத் தாங்கும் ரப்பர் மெத்தையிலேயே இருந்தது என்பதும் பிறகு கீழே இறங்கி ஒரு பட்டறையில் படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தன. லீவரின் ஆட்டத்தைச் சரிசெய்ய விரும்புகிறவர் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன், ஆட்டம் எந்த ஸ்தானத்தில் பிறக்கிறது என்பதை ஐயமறக் கண்டறிய வேண்டும். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

இங்கே நான் உதாரணமாக எடுத்துக்கொள்வது, 1953-இல் வெளிவந்த வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பின் வார்ப்பில் மஹிந்திரா நிறுவனம் பல பத்தாண்டுகள் நம் நாட்டில் செய்துவந்த வண்டியை. நம் மலைத்தோட்டங்களில் இன்றும் அதிகமாக உழைப்பது அந்த வம்சம்தான். அதில் பெரிய கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டை லீவர்கள் இருக்கும். ஒன்று முன் அச்சுக்குச் சக்தியைக் கொடுக்கவும் நிறுத்தவும் உரியது. மற்றது ஹை, நியூட்ரல், லோ என்ற மூன்று நிலைகளுக்கு உரியது. இவை இரண்டும் கியர் பெட்டிக்குப் பின்னால் கோக்கப்பட்டிருக்கும் ஸ்பைசர் 18 என்னும் டிரான்ஸ்ஃபர் கேஸை ஆள்கின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் எம்பி ஜீப்பில் லோ நிலையின் விகிதம் 1.97 ஆக இருந்தது; பிற்காலத்து வண்டிகளில் அது 2.46 ஆயிற்று. அதாவது, லோவில் போட்டால் சக்கரத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டரையில் ஒரு பங்காகக் குறைந்து, இழுப்பு இரண்டரை மடங்காகக் கூடும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைச் சூடாக்காமல் வண்டியை எஞ்சினாலேயே பிடித்து இறக்குவது இந்த நிலைதான் என்பதால், அந்த லீவர் நழுவுவதை அற்பமான அசௌகரியமாக எண்ணிவிடக் கூடாது.

லீவரின் அமைப்பு மிக எளியது. இரண்டு லீவர்களும் ஒரே குறுக்கு அச்சாணியில் கோத்து நிற்கின்றன. அச்சாணிக்குக் கீழே உள்ள குட்டையான முனை, கேஸிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஷிஃப்ட் ராடின் வெட்டில் உட்காருகிறது. ராடோடு உள்ளே ஒரு ஃபோர்க் மரையாணியால் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஃபோர்க் பல்சக்கரத்தின் பள்ளத்தைப் பற்றி அதைத் தள்ளுகிறது. ராடு தன் நிலையில் நிற்பதற்காக, அதில் குடைந்துள்ள பள்ளத்தில் ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட ஒரு குண்டு விழுந்து உட்காரும். கையில் நாம் உணரும் ‘டக்’ என்ற சிறு அதிர்வு அந்தக் குண்டினுடையது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் தேயக்கூடியது. ஆனால் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே பலனைத் தருவதில்லை என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் பல சந்தேகங்கள் தெளியும். அச்சாணிக்குக் கீழே லீவர் 5 செ.மீ., மேலே 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கீழ்முனையில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் கைப்பிடியில் 6 மில்லிமீட்டர் ஆட்டம் தெரியும்; அச்சாணித் துளையில் அதே ஒரு மில்லிமீட்டர் இளகினால், கைப்பிடியில் 7 மில்லிமீட்டர். ஆகையால் கைப்பிடி ஒரு விரற்கடை ஆடுவதைக் கண்டு உள்ளே எல்லாம் கெட்டுவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை. முனையிலும் துளையிலும் சிறிது சிறிதாகத் தேய்ந்தவை ஒன்றுகூடினாலே அவ்வளவு ஆட்டம் வந்துவிடும்.

பரீட்சையைத் தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. கியர் பெட்டியை முதல் கியரில் போட்டுவிட்டால் வண்டி நகராது என்று நம்பி அடியில் படுக்கிறவர்கள் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவர் நடுநிலைக்கு வந்த கணமே எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். அப்போது முதல் கியர் எந்தக் காவலையும் தராது. இந்த வண்டிகளில் கைப்பிரேக்கின் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்திலேயே இருக்கிறது. அதன் பிடியும் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகவே சக்கரத்தை அடைகிறது. ஆகவே சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கீழே செல்ல வேண்டும்.

இப்போது ஒருவர் மேலே உட்கார்ந்து லீவரை மெல்ல அசைக்க, மற்றொருவர் கீழே டார்ச் விளக்குடன் படுத்து, மூன்று இடங்களைக் கவனிக்கட்டும். லீவர் அசையும்போது அச்சாணியைச் சுற்றி லீவரே இடம்பெயர்கிறதென்றால் துளையில் தேய்மானம். அச்சாணி அசையாமல் நிற்க, லீவரின் முனை மட்டும் ராடின் வெட்டுக்குள் முன்னும் பின்னும் நடந்த பிறகே ராடு நகர்கிறதென்றால் முனையிலோ வெட்டிலோ தேய்மானம். லீவரோடு ராடு உடனுக்குடன் நகர்ந்தும் பல்சக்கரம் ஒழுங்காக விழவில்லையென்றால், குறை கேஸுக்கு உள்ளே இருக்கிறது. இம்மூன்றையும் பிரித்தறிய ஐந்து நிமிஷம் போதும். இந்த ஐந்து நிமிஷத்தைச் செலவிடாமல் நேரே பாகங்களை வாங்கி வருகிறவர்களே அநேகர்.

இதைவிட நுட்பமான மற்றொரு சோதனை உண்டு. என் அபிப்பிராயத்தில் இந்த வேலை முழுவதற்கும் ஆதாரமானது அதுவே. லீவரை ராடின் வெட்டிலிருந்து விடுவித்துவிட்டு, துணி சுற்றிய குறடால் ராடைப் பிடித்து, அதன் ஒவ்வொரு நிலையிலும் குண்டு ‘டக்’கென்று விழும் வரை தள்ளி, அந்த இடத்தில் கேஸின் விளிம்பை ஒட்டி ராடின்மேல் வெள்ளைப் பெயின்டால் மெல்லிய கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு லீவரை மறுபடி மாட்டி, ஓட்டுநர் வழக்கமாகப் போடுவதுபோலப் போட்டுப் பாருங்கள். கோடு அதே விளிம்பில் வந்து நின்றால் லீவர் தன் கடமையைச் செய்கிறது. கோடு விளிம்பை எட்டாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னதாகவே நின்றுவிட்டால், பல்சக்கரம் பாதிப் பல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சுமை மாறும் முதல் தருணத்தில் அது நழுவத்தான் செய்யும். ஸ்பிரிங்கை மாற்றியும் குண்டை மாற்றியும் இந்தக் குறை தீராது.

ராடு முழுத் தூரம் செல்லாததற்குத் தேய்மானம் மட்டும் காரணமன்று. லீவர் வெளிவரும் தரைத்தகட்டின் துளையை ஒரு முறை பாருங்கள். அதன் ஓரத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளத்தால், லீவர் அங்கே முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. பாடியைத் தாங்கும் ரப்பர்கள் நசுங்கி உடல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். விபத்துக்குப் பிறகு தகட்டை மாற்றியவர் துளையை இடம் மாற்றி வெட்டியிருக்கலாம். யாரோ ஒருவர் பலங்கொண்ட மட்டும் இழுத்து லீவரையே வளைத்திருக்கலாம். நான் முதலில் சொன்ன ஜீப்பில் நடந்ததோ இன்னும் மறைவான விஷயம். கியர் பெட்டியைத் தாங்கும் ரப்பர் மெத்தை எண்ணெயில் ஊறிக் கூழாகிப்போயிருந்தது. நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எஞ்சினும் கியர் பெட்டியும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒரே பிண்டமாக ஒரு பக்கம் உருளும். அசையாத தரைத்தகடு அசையும் லீவரைத் தடுத்துத் தள்ளும். குண்டு ராடின் பள்ளத்திலிருந்து வெளியேறும். இதைக் கண்டுபிடிக்க, ஒரு மரக்கட்டையை இடையில் வைத்துக் கடப்பாரையால் கியர் பெட்டியின் பின்புறத்தை மெல்ல நெம்பிப் பார்த்தால் போதும். ரப்பர் கிழிந்திருந்தால் அது கண்ணுக்கு எதிரே வாய் திறக்கும். அப்படியானால் மெத்தையை மாற்றுங்கள். லீவரைத் தொட வேண்டிய அவசியமே நேராமல் போகலாம்.

குறை அச்சாணியில்தான் என்று நிச்சயமான பிறகு கழற்றும் வேலை. அச்சாணியைப் பூட்டியிருக்கும் மரையாணியைக் கழற்றி, பழுத்த துருவாக இருந்தால் முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்து, பித்தளைத் துண்டை முட்டுக்கொடுத்துச் சுத்தியால் தட்டி அச்சாணியை வெளியே எடுக்க வேண்டும். இரும்பால் நேரே அடித்தால் அதன் தலை மலர்ந்து துளையைப் பிளக்கும், கேஸ் வார்ப்பிரும்பு என்பதால் அச்சாணியைத் தாங்கும் அதன் காதுகள் விரிசல்விடவும் கூடும். வாஷர்களும் சிறு ஸ்பிரிங்குகளும் எந்த வரிசையில் வந்தன என்பதை ஒரு காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். ஞாபகசக்தியை நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, வெர்னியரால் அச்சாணியை மூன்று இடங்களில் அளந்தால், லீவர் உட்கார்ந்த இடத்தில் இடுப்பு சிறுத்திருப்பது தெரியும். அந்த வண்டிக்கு அச்சாணி இவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று யாரோ சொன்ன எண்ணைக் கொண்டு லேத்துக்காரரிடம் போகாமல், தேயாத முனையை அளந்து அந்த அளவைக் கொடுங்கள்.

புது அச்சாணி மட்டும் போட்டால் பாதி ஆட்டமே போகும். லீவரின் துளையும் முட்டைவடிவமாக நீண்டிருக்கும். அதைச் சீராகக் கடைந்து, ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாத சுவருள்ள கன்மெட்டல் புஷ் ஒன்றை இறுக்கமாக ஏற்றச் சொல்லுங்கள். அழுத்தி ஏற்றும்போது புஷ்ஷின் உள்துளை சற்றுச் சுருங்கும். ஆகையால் ஏற்றிய பிறகே ரீமரால் இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை லேத்துக்காரருக்கு ஞாபகப்படுத்துவது நல்லது. அச்சாணிக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை இடைவெளி போதுமானது. லீவர் தன் பாரத்தாலேயே மெல்லச் சாய வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. கிரீஸ் செல்லும் துளையைப் புஷ்ஷிலும் போடாவிட்டால் செய்த வேலையெல்லாம் ஒரு மழைக்காலத்தில் வீணாகும். கேஸின் காதுகளே தேய்ந்திருந்தால், இரண்டையும் நீண்ட ரீமரால் ஒரே ஓட்டத்தில் கடைந்து, சற்றுப் பருத்த அச்சாணி போடுவதே முறை. தனித்தனியே கடைந்தால் நேர்கோடு தவறி, லீவர் இறுகும்.

முனை தேய்ந்திருந்தால் வெல்டிங்கால் உலோகம் ஏற்றி, அரத்தால் பழைய உருண்டை வடிவத்துக்குக் கொண்டுவரலாம். இதற்கு லீவரை வண்டியிலிருந்து முழுக்கக் கழற்றியே ஆக வேண்டும். வண்டியில் இருக்கும்போதே வெல்டிங் வைத்தால் மின்னோட்டம் கேஸுக்குள் உள்ள பேரிங்குகளின் வழியே பாய்ந்து அவற்றைப் புள்ளி புள்ளியாகக் கருக்கிவிடும். முனையை ராடின் வெட்டில் அடிக்கடி பொருத்திப் பார்த்து, 0.2 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருக்கும்படி நிறுத்துங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது என்ற ஆசையில் இறுக்கமாக விட்டுவிட்டால், லீவர் வட்டமாகச் சுழல ராடு நேர்கோட்டில் செல்வதால், நடுவழியில் சிக்கிக்கொள்ளும். ராடின் வெட்டே குழிந்திருந்தால் அதில் உலோகம் ஏற்றும் பிரயத்தனத்தை நான் ஆதரிப்பதில்லை. சூட்டில் ராடு வளைந்தால் அது கேஸின் துளையில் ஓடாது. நல்ல ராடு ஒன்றைத் தேடிப் போடுவதே உத்தமம்.

குண்டையும் ஸ்பிரிங்கையும் பரிசோதிக்க, முன் அச்சுக்குச் சக்தி செல்லும் பக்கத்து மூடியின் இருபுறமும் உள்ள மரைமூடிகளைக் கழற்றினால் போதும். ஸ்பிரிங் துள்ளி வரக்கூடும் என்பதால் துணியால் மூடிக்கொண்டு கழற்றி, குண்டைக் காந்தத்தால் எடுங்கள். இரண்டு ஸ்பிரிங்குகளையும் பக்கம் பக்கமாக நிறுத்தினால் களைத்துப்போனது தன் உயரத்தாலேயே காட்டிக்கொடுக்கும். துருப்பிடித்துச் சொரசொரத்த குண்டை மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர்களை அடுக்கி அழுத்தத்தைக் கூட்டும் பழக்கம் ஒன்று உண்டு. லீவர் அப்போதைக்கு உறுதியாக நிற்பதுபோலத் தோன்றினாலும், போடுவதற்குப் பலம் அதிகம் தேவைப்பட்டு, அந்தப் பலமே முனையையும் ஃபோர்க்கையும் விரைவில் தின்றுவிடும். இரண்டு ராடுகளுக்கும் நடுவே ஒரு சிறு பூட்டுத் துண்டு இருக்கிறது. முன் அச்சு சேராமல் லோ விழாதபடி காப்பது அதுதான். ராடுகளை வெளியே இழுக்கும்போது அது நழுவி விழுந்து காணாமற்போவது சகஜம். பின் சக்கரங்களால் மட்டும் லோவில் ஓட்டும் வசதிக்காக அதை வேண்டுமென்றே எடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டரை மடங்காகப் பெருகிய இழுப்பு முழுவதையும் பின் அச்சு ஒன்றே தனியாகச் சுமக்கும் நிலையை மலைச் சாலையில் உண்டாக்குவது தவறு என்பதே என் தீர்மானமான கருத்து.

பழைய பாகங்களைச் செப்பனிட்டு மாட்டும்போது ஒவ்வொன்றிலும் கிரீஸ் தடவி, நிப்பிளில் கிரீஸ் கன்னால் பழைய கறுப்பு வெளியேறிப் புதியது தெரியும் வரை அடியுங்கள். கிரீஸோடு கலந்த சாலைப் புழுதி எமரித்தாளுக்குச் சமானம். தரைத்துளையை மூடும் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதை மாற்றுவது அச்சாணியின் ஆயுளை இரட்டிப்பாக்கும் அளவுக்குப் பயன் தருவதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். கேஸைத் திறந்திருந்தால் 90 கியர் ஆயிலை நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்றுங்கள்.

லீவர் வளைவதற்கும் முனை சிதைவதற்கும் ஓட்டும் முறையே பாதிக் காரணம் என்பதால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன் அச்சைச் சேர்த்ததும், முன் அச்சும் பின் அச்சும் இந்தக் கேஸில் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருந்தும், உலர்ந்த தார்ச்சாலையில் சறுக்கி ஈடுசெய்ய வழியில்லாமல், அந்த வித்தியாசம் ஷாஃப்டுகளில் முறுக்காகச் சேர்ந்துவிடுகிறது. முன்னும் பின்னும் வேறுவேறு அளவு டயர் போட்டிருந்தால் நேரான சாலையிலும் அதே கதிதான். அப்போது லீவர் கல்லைப்போல இறுகி வர மறுக்கும், ஓட்டுநர் காலை ஊன்றி இழுப்பார், லீவர் வளையும். இழுக்க வேண்டாம். பத்தடி பின்னால் எடுங்கள். முறுக்கு அவிழ்ந்ததும் லீவர் இரண்டு விரலுக்கே வந்துவிடும். லோவைப் போடுவதற்கு வண்டி நின்றிருக்க வேண்டும், அல்லது ஊர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

கடைசியாக ஓட்டிப் பார்க்கும் இடம் மண்தரையாக, அகலமானதாக, கீழே பள்ளம் இல்லாததாக இருக்கட்டும். லோவில் இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியும் சட்டென்று விட்டும் பத்துப் பன்னிரண்டு முறை செய்யுங்கள். லீவர் நழுவுவது பெரும்பாலும் இழுப்புத் திசைமாறும் அந்தத் தருணத்தில்தான். கையால் லீவரைப் பிடித்துக்கொண்டு சோதிக்காதீர்கள். பிடித்துக்கொண்டால் குறை மறைந்துவிடும், பிடிக்கும் பலம் முழுவதும் ஃபோர்க்கின் விளிம்பை உராயும். பெயின்ட் கோடு விளிம்பில் நிற்கிறது, ரப்பர்கள் நல்லவை, குண்டும் ஸ்பிரிங்கும் புதியவை, அப்படியிருந்தும் லோ நழுவுகிறதென்றால், பல்சக்கரங்களின் முனைகள் கூம்பியிருக்க வேண்டும், அல்லது ஃபோர்க் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது இடைச்சக்கரம் சுழலும் ஷாஃப்ட் இளகியிருக்க வேண்டும். போர்க்கால வண்டியில் முக்கால் அங்குலமாக இருந்த அந்த ஷாஃப்டைப் பிற்காலத்தில் ஒன்றேகால் அங்குலம் வரை பருக்கவைத்தார்கள். இவை வெளியிலிருந்து தீர்கிற குறைகள் அல்ல. டியூபாலும் கயிற்றாலும் கட்டி வைத்து மலையிறங்க வேண்டாம். கேஸைக் கழற்றிப் பல்சக்கரங்களைப் பார்க்கும் வரை அந்த வண்டியைச் சமவெளியிலேயே நிறுத்திவையுங்கள்.